வேதமணியின் பேட்ஜ்

ஜூன் 2, திங்கள்

வேதமணியின் மகளை நான் வாசலில் நிற்கவைத்தே திருப்பி அனுப்பிவிட்டதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. உள்ளே அழைத்தேன். மின்விசிறிக்கு நேராக உட்காரவைத்தேன். காபி கொடுத்தேன். அவள்தான் குடிக்கவில்லை. போகும்போது வாசலில் நின்று அழுதாள். எதிர்வீட்டார் பார்த்தது அதை மட்டும்தான்.

இந்தச் செய்தியைக் கொண்டுவந்தவள் வீட்டு வேலைக்கு வரும் இசக்கி. "என்ன சிஸ்டர், அந்தப் பிள்ளைய விரட்டிட்டியளாமே?"

அவளையும் திருத்த வேண்டியிருக்கிறது. நான் சிஸ்டர் இல்லை. நர்ஸாக ஒரு நாளும் இருந்ததில்லை. ரேடியோகிராஃபர். பாளையங்கோட்டையில் எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை. அதில் இருபத்திரண்டு வருடம் பொறுப்பாளர். பதினோரு வருடமாக இதை இசக்கியிடம் சொல்லிவருகிறேன்.

"சரி சிஸ்டர்" என்றாள்.

ஜூன் 3, செவ்வாய்

வேதமணியின் மகள் பெனிலா எதற்கு வந்தாள் என்பதை நேற்றே எழுதியிருக்க வேண்டும்.

வேதமணி என்னிடம் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். இப்போது அறுபத்திரண்டு வயது. ரத்தப் புற்றுநோய். அதே ஆஸ்பத்திரியில்தான் படுத்திருக்கிறாள். வேலையினால் வந்திருக்கக்கூடிய நோய் என்று மருத்துவக் குழு ஏற்றுக்கொண்டால் கடைசிவரை சிகிச்சையை ஆஸ்பத்திரியே பார்க்கும். இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டியதுதான். குழு இருபதாம் தேதி கூடுகிறது.

நாங்கள் எல்லாரும் நெஞ்சில் ஒரு பேட்ஜ் அணிவோம். தீப்பெட்டி அளவுதான். அதை அணிந்தவர் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்பது அதில் பதிந்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பம்பாய்க்குப் போய் அளவு வரும். 1989-ஆம் வருடக் கடைசி மூன்று மாதத்தில் வேதமணியின் பேட்ஜில் வழக்கமான அளவைப்போல் நாற்பது மடங்கு வந்தது. ஆனால் அந்தத் தாளோடு ஒரு கடிதமும் இருக்கிறது: 'ஊழியர் மறதியாகப் பேட்ஜை இரண்டாம் எக்ஸ்ரே அறைக்குள் விட்டுச் சென்றதால் ஏற்பட்ட அளவு, உடம்பில் பட்டதல்ல.' கீழே பொறுப்பாளர் கையொப்பம். என்னுடையது.

"அம்மா ஒரு நாளும் பேட்ஜ மறந்து வச்சதில்லன்னு சொல்லுதாங்க ஆன்ட்டி" என்றாள் பெனிலா. சாத்தான்குளத்தில் பள்ளி ஆசிரியை. கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள். "நீங்கதான் அப்ப இன்சார்ஜ். உண்மை எதுவோ அத எழுதிக் குடுங்க. போர்டுல ஒங்க எழுத்தத்தான் கேக்குறாங்க."

"எழுதியது எழுதியதுதான்" என்றேன்.

அதன்பிறகுதான் அவள் எழுந்தாள்.

ஜூன் 4, புதன்

கியாஸ் வந்தது. சீல் பார்த்து வாங்கினேன். வேறு யாரும் வரவில்லை.

ஜூன் 6, வெள்ளி

ஆஸ்பத்திரியின் நூற்றாண்டு விழா அழைப்பிதழின் அச்சு மாதிரி வந்திருக்கிறது. இருபத்தொன்பதாம் தேதி ஞாயிறு, மாலை ஐந்து மணி. கௌரவிக்கப்படுவோர் வரிசையில் நான்காவது பெயர்: 'திருமதி ஹில்டா சந்தியாகு, முப்பத்தொரு ஆண்டுகளில் ஓர் ஊழியர்மீதும் அளவு மீறிய கதிர் படாமல் காத்தவர்.'

என் பெயரில் ஓர் எழுத்துத் தவறாக அச்சாகியிருந்தது. சிவப்பு மையில் திருத்தி, மற்றபடி சரி என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.

பீரோவிலிருந்து அரக்குக் கரைப் பட்டுச்சேலையை எடுத்து வெயிலில் காயவைத்தேன். என் கணவர் சந்தியாகு இறந்தபின் அதைக் கட்டியதில்லை. ஒன்பது வருடம். மடிப்பில் லேசாக நிறம் போயிருக்கிறது. அவர் இருந்தால் "யாரு பாக்கப்போறா ஹில்டா, ஒன் மூஞ்சியத்தான் பாப்பாங்க" என்பார். ஐந்து மணிக்குச் சேலையை எடுத்து உள்ளே வைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு, பெந்தெகொஸ்தே

இரண்டாம் பூசைக்குப் போனேன். பிரசங்கம் நீளம். மைக் சரியில்லை.

வெளியே தொம்மை நின்றிருந்தார். எங்கள் இருட்டறையில் பிலிம் கழுவியவர். காது மந்தமாகிவிட்டது, தாம் பேசுவது தமக்குக் கேட்க வேண்டும் என்று ஊருக்கே கேட்கும்படி பேசுகிறார்.

"மேடம், நம்ம மறதிமணிக்குக் கேன்சராமே! பாவம். எப்பமும் சிரிச்சிக்கிட்டே இருக்கும் அந்தப் பிள்ள."

"வேதமணி" என்றேன்.

"ஆமா ஆமா, மறதிமணிதான்."

அந்தக் கடிதத்துக்குப் பிறகு வந்த பெயர் அது. கேன்டீனிலிருந்து கணக்குப் பிரிவுவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளுக்குக் கல்யாணமான மறுவாரம் தொம்மையே, "மறதிமணி, மாப்பிள்ளைய எங்க வச்சே? ரெண்டாம் ரூம்லயா?" என்று கேட்டதும், வரிசையில் நின்ற நோயாளிகள்கூடச் சிரித்ததும் நினைவிருக்கிறது. அவளும் சிரித்தாள்.

நான் ஒரு தடவைகூட அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. இதைக் குறித்துவைக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

1989-ஆம் வருட டைரியைத் தேடி எடுத்தேன். தேடவேண்டியிருக்கவில்லை. வருட வரிசையில்தான் அடுக்கியிருக்கிறேன்.

ஐந்து மணிக்கு எல்லாரும் பேட்ஜைக் கழற்றி வெளி வராந்தாப் பலகையில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கடைசியாக நான் எண்ணுவேன். எண்ணாமல் ஒரு நாளும் வீட்டுக்குப் போனதில்லை. பண்டிகை நாளானாலும் அப்படித்தான். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியும் ஒன்றே: 'பேட்ஜ் ஏழு, சரி.'

என் எண்ணிக்கை ஒரு நாள் தவறியிருக்கலாம்.

இரவு சாப்பிட்டபின் சேர்க்கிறேன்: என் எண்ணிக்கை தவறியதில்லை.

அந்தக் கடிதத்தின் வாசகம் என்னுடையதல்ல. எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் குரியன் சொல்ல நான் எழுதினேன். அவர் இப்போது உயிரோடு இல்லை. மலையாளி, நல்லவர், அவசரக்காரர், தம் பேட்ஜை அணியவே மாட்டார், அது மேசை இழுப்பறையில் கிடக்கும். "ஹில்டா, இது சரியான டோஸ்னு எழுதினா பம்பாய்க்காரங்க இங்க வரும். மிஷினைப் பாக்கும். ரெண்டாம் ரூமைப் பூட்டும். டூட்டி ரோஸ்டரைக் கேக்கும். அது வேணுமா உனக்கு?" என்றார்.

வேண்டாம் என்றேன். ரோஸ்டரை, அதாவது யார் எந்த நாள் எந்த அறையில் என்ற பட்டியலை, கேட்டால் என்ன தெரிந்திருக்கும் என்பதை இங்கே எழுத அவசியமில்லை.

ஜூன் 11, புதன்

முழங்கால் வலி. எழுதவில்லை.

ஜூன் 12, வியாழன்

பெனிலா போனில் பேசினாள்.

"ஆன்ட்டி, அன்னைக்கு நான் கொஞ்சம் சத்தமாப் பேசிட்டேன். மனசுல வச்சுக்கிடாதீங்க."

"நீ சத்தமாகப் பேசவில்லை. அம்மா எப்படி இருக்கிறாள்?"

"வாயெல்லாம் புண்ணு. தண்ணி குடிக்கவே கஷ்டம். பேச முடியல. நோட்டுல எழுதித்தான் காட்டுதாங்க."

"என்ன எழுதுகிறாள்?"

"ஒங்ககிட்ட வந்தேன்னு சொன்னதுக்குக் கோவப்பட்டாங்க. 'அக்காவத் தொந்தரவு பண்ணாத'ன்னு எழுதுனாங்க."

"வேறு?"

"அவ்வளவுதான் ஆன்ட்டி. இன்னும் எட்டு நாள்தான் இருக்கு."

காபி போட்டுக் குடித்தேன். சர்க்கரை போட மறந்திருக்கிறேன் என்பது தம்ளரைக் கழுவும்போதுதான் தெரிந்தது.

ஜூன் 14, சனி

என் மகன் ரூபனுக்கு இன்று முப்பத்தைந்து வயது முடிகிறது. மெல்போர்னிலிருந்து வீடியோவில் வந்தான். நான் கேசரி செய்து காமிராவுக்கு முன்னால் வைத்தேன். அவன் கேக் வெட்டினான். மருமகள் அனிட்டாவுக்கு ஐந்தாம் மாதம்.

"அம்மா, இவளுக்குப் பல் வலி. டென்டிஸ்ட் எக்ஸ்ரே எடுக்கமாட்டேங்கான். பிள்ள பொறக்கட்டும், அதுவரைக்கும் மாத்திரைன்னுட்டான். இங்க எல்லாத்துக்கும் பயம்."

"பயமில்லை. கவனம்" என்றேன்.

"நீ மட்டும் என்னைய வயித்துல வச்சுக்கிட்டு நாள் பூரா எக்ஸ்ரே எடுத்தியே? நான் என்ன, மூணு கண்ணோடவா பொறந்தேன்?"

அனிட்டா அவன் தோளில் அடித்தாள். இருவரும் சிரித்தார்கள்.

"நான் எடுக்கவில்லை" என்றேன்.

"பெறகு யாரும்மா எடுத்தா?"

"வேறொருத்தி."

"ஹெல்ப்பர் வச்சிருந்தியா? பெரிய ஆளும்மா நீ" என்றான். அதற்குள் வாசல்மணி அடித்து அவன் நண்பர்கள் வந்துவிட்டார்கள். "அம்மா, அப்புறம் கூப்பிடுதேன்" என்றான். கூப்பிடவில்லை. அங்கே நேரமாகியிருக்கும்.

கேசரியைப் பாதி இசக்கிக்குக் கொடுத்தேன். மீதி இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. இன்று எழுதிவிட வேண்டும்.

இரண்டாம் அறையில் ஸ்கிரீனிங் நடக்கும். பேரியம் என்ற வெள்ளைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, கதிர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வயிற்றைத் திரையில் பார்க்கும் பரிசோதனை அது. மற்ற எக்ஸ்ரேக்கு நாம் சுவருக்கு வெளியே நின்று பொத்தானை அழுத்தலாம். ஸ்கிரீனிங்கில் ஒருவர் உள்ளே, நோயாளியின் பக்கத்தில் நின்று பிடித்துத் திருப்ப வேண்டும். குழந்தைகளாக இருந்தால் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும். கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரனைப் பேட்ஜுக்கு மேலே கட்டிக்கொள்வோம். எங்களுடைய ஏப்ரன் பழையது. நாற்காலியில் மடித்து மடித்துப் போட்டு, 1989 செப்டம்பர் வாக்கில் இடுப்புக்கு மேலே உள்ளுக்குள் விரிசல் விட்டிருந்தது. அதையே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து விரிசலைக் கண்டுபிடித்தவள் நான்தான். புதியது கேட்டு எழுதினேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் டாக்டர் குரியன்.

செவ்வாயும் வெள்ளியும் உள்ளே நிற்பது என் முறை. ரோஸ்டரை எழுதுகிறவளும் நான்.

அந்த செப்டம்பரில் எனக்கு முப்பத்தெட்டு வயது. அதற்கு முன் இரண்டு கலைந்துவிட்டன. இந்தத் தடவை நாள் தள்ளியதைச் சந்தியாகுவிடம்கூட மூன்றாம் மாதம்வரை சொல்லவில்லை. எழுதிக் கொடுத்திருந்தால் விதிப்படி என்னை ஸ்கிரீனிங்கிலிருந்து எடுத்திருப்பார்கள். ஆனால் எழுதிக் கொடுத்தபிறகு மூன்றாவதும் கலைந்தால் ஆஸ்பத்திரி முழுவதும் என்னைப் பார்க்கும். முன்பே இரண்டு தடவை பார்த்திருந்தார்கள். அந்தப் பார்வை எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அதனால் ரோஸ்டரில் என் பெயரை எடுக்கவில்லை. உள்ளே வேதமணி நின்றாள். அவளுடைய திங்களும் வியாழனும் போக, என் செவ்வாயும் வெள்ளியும். விடுமுறையும் மிஷின் பழுதும் போக மூன்று மாதத்தில் என் முறை பத்தொன்பது நாள். எண்ணிவிட்டேன். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது, வேலை நிரந்தரமாகவில்லை.

நான் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. முதல் நாள் நான் ஏப்ரனைக் கையில் எடுத்தபோது அவளாகத்தான் வந்தாள். "அக்கா, நீங்க வெளிய பட்டன்கிட்ட நில்லுங்க. உள்ள நான் பாத்துக்கிடுதேன்" என்று ஏப்ரனை வாங்கிக்கொண்டாள். அடுத்த வெள்ளியும் அப்படியே. அதற்குப்பின் நான் ஏப்ரனைத் தொடவே இல்லை. அன்றைய டைரியில், 'வேதமணிக்கு வேலை கற்கும் ஆர்வம் உண்டு' என்று எழுதியிருக்கிறேன்.

ஜனவரி கடைசியில் பம்பாயிலிருந்து அளவு வந்தது. ரோஸ்டரில் நின்றது என் பெயர்; கதிர் வாங்கியது அவள் பேட்ஜ். என் பேட்ஜில் ஒன்றுமே இல்லை. ரோஸ்டரையும் அளவுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எவருக்கும் விளங்கிவிடும்.

கடிதத்தை அவள் முன் வைத்தேன். அவளும் கையெழுத்துப் போட வேண்டும்.

"அக்கா, நான் மறக்கலியே" என்றாள்.

"வேலை போகாது. போடு" என்றேன்.

போட்டாள். வேலை போகவில்லை. கவனக்குறைவு என்று ஒரு மெமோ கொடுத்து, நிரந்தரமாக்குவதை மூன்று வருடம் தள்ளிவைத்தார்கள். அந்த மெமோவைத் தட்டச்சு செய்ததும் நான்தான். பிழையில்லாமல் செய்தேன். பிப்ரவரியில் சத்தமில்லாமல் புது ஏப்ரன் வந்தது. ஜூனில் ரூபன் பிறந்தான். தொட்டிலுக்குக் கொசுவலை வாங்கிக்கொண்டு முதலில் பார்க்க வந்தவள் வேதமணி.

ஜூன் 16, திங்கள்

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஐந்தாம் மாடி. வாசலில் ஒரு நர்ஸ் தடுத்தாள்; இருபத்திரண்டு வயது இருக்கும்.

"பாட்டி, உள்ள போவக்கூடாது. இன்ஃபெக்ஷன் ஆயிரும். யாரப் பாக்கணும்?"

"மிசஸ் ஹில்டா சந்தியாகு வந்திருக்கிறேன். வேதமணியைப் பார்க்க வேண்டும்."

"கண்ணாடி வழியாப் பாத்துக்கோங்க. கடைசிக் கட்டில்."

கடைசிக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தலையில் முடி இல்லை. பின்கழுத்து சின்னப் பெண்ணுடையதைப்போல் மெலிந்திருந்தது. பக்கத்து மேசையில் நோட்டும் பேனாவும் இருந்தன. பத்து நிமிடம் நின்றேன். திரும்பிப் படுக்கவில்லை.

"ஏதாவது சொல்லணுமா பாட்டி? எந்திச்சதும் சொல்லுதேன்."

சொல்ல ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

குழுவுக்கு எழுதினேன். நான்கு தடவை எழுதவேண்டியிருந்தது. முதல் மூன்றிலும் டாக்டர் குரியன் பெயர் என் பெயருக்கு முன்னால் வந்துவிட்டது.

'வேதமணி பேட்ஜை அறைக்குள் விட்டுச் செல்லவில்லை. அந்த மூன்று மாதத்தின் ஒவ்வொரு மாலையும் அதைப் பலகையில் நானே எண்ணினேன். அளவு உண்மையானது. 1990-இல் நான் கையொப்பமிட்ட கடிதம் பொய். ரோஸ்டரில் என் பெயர் இருந்த பத்தொன்பது நாளும் அறைக்குள் நின்றவர் அவர். இந்த நோய் அந்தக் கதிரால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தக் கதிர் அவர் உடம்பில் பட்டது என்று சொல்கிறேன்.'

1989-ஆம் வருட டைரியையும் இணைத்தேன். என் முறையில் நான் ஏன் உள்ளே நிற்கவில்லை என்பதையும் இரண்டு வரியில் எழுதினேன்.

இசக்கி துணைக்கு வந்தாள். நிர்வாக அலுவலர் இளைஞர். கடிதத்தை நின்றபடி படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார்.

"மேடம், இத யோசிச்சுத்தான் குடுக்கியளா? இருபத்தொம்பதாந் தேதி ஃபங்ஷன்ல ஒங்க பேரு இருக்கு."

"பெற்றுக்கொண்டதாக நகலில் தேதி போட்டு சீல் வையுங்கள்" என்றேன்.

ஆட்டோவில் இசக்கி, "ஒங்களுக்குப் பென்சன நிறுத்திருவாவளோ?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "நிறுத்துனா நிறுத்தட்டும். நான் பாதிச் சம்பளத்துக்கு வாரேன், என்ன. ஆனா அரைவாசி வீட்டத்தான் பெருக்குவேன்" என்றாள்.

ஜூன் 20, வெள்ளி

குழு பத்தரைக்குக் கூடுவதாகச் சொல்லியிருந்தார்கள். காலையிலிருந்து போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். இரண்டு அழைப்பு. இரண்டும் கடன் வேண்டுமா என்று கேட்பவர்கள்.

ஆறே முக்காலுக்குப் பெனிலா. "ஆன்ட்டி, ஏத்துக்கிட்டாங்க. பழைய லெட்டர ரத்து பண்ணிட்டாங்க. சிகிச்ச நிறுத்த மாட்டாங்களாம்." பிறகு அழுதாள். எனக்கு நன்றி சொன்னாள். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

"என் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாயா?"

"போர்டுல குடுத்த நகல நோட்டுக்குள்ள வச்சுக் குடுத்தேன். அவங்களே படிச்சாங்க."

"என்ன எழுதினாள்?"

"ஒண்ணும் எழுதல ஆன்ட்டி. மடிச்சுத் தலகாணிக்கு அடியில வச்சுக்கிட்டாங்க."

ஜூன் 21, சனி

விழாக் குழுவிலிருந்து ஒருவர் பேசினார். நேரக்குறைவினால் நிகழ்ச்சியைச் சுருக்கியிருக்கிறார்களாம். அழைப்பிதழ் திரும்ப அச்சாகிறதாம். "தப்பா நினைக்காதீங்க மேடம்."

"நினைக்கவில்லை. நன்றி."

இசக்கி துடைப்பத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்போ அந்தப் பட்டுச்சேல?"

"பீரோவிலேயே இருக்கட்டும்."

ஜூன் 22, ஞாயிறு

வேதமணிக்கு எழுதிய கடிதத்தின் நகல். நாளைக் காலை இசக்கி நேரில் கொண்டுபோய் நர்ஸிடம் கொடுப்பாள்.

அன்புள்ள வேதமணி,

நீ எதையும் மறக்கவில்லை. பொய் எழுதியது நான். குழுவுக்கு எழுதியதை நீ படித்துவிட்டாய். அதை நான் உனக்குத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். முப்பத்தைந்து வருடம் தாமதமாகிவிட்டது. அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். மன்னிக்க வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை.

ஒன்றே ஒன்று எனக்குத் தெரிய வேண்டும். இத்தனை வருடமும், நீ வேலை கற்றுக்கொள்ளும் ஆசையில் என் கையிலிருந்து ஏப்ரனை வாங்கினாய் என்று நினைத்திருந்தேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. இந்த வாரம் அந்த நாளைத் திரும்பத் திரும்ப யோசித்தேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தாய். யாரிடமும் நான் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை.

நான் பிள்ளை உண்டாகியிருந்தது உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் அந்தப் பத்தொன்பது நாளும் எனக்காக உள்ளே நின்றாயா?

பெனிலாவிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். நர்ஸிடமும் சொல்ல வேண்டாம். உன் கையால் எழுது. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை போதும். என் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறை இதோடு இருக்கிறது.

தயவுசெய்து பதில் எழுது.

ஹில்டா